காளான் வேட்டை

வேட்டைக்குப் போன ராஜாக்கள் வினையைத் தேடிக்கொண்டு வந்த கதைகள் நமக்குப் புதியவை அல்ல. தசரதன் இருட்டிலே யானை தண்ணீர் குடிக்கிறது என்று எண்ணி அம்பு விட்டான். புத்திர சோகம் வந்து சேர்ந்தது. பாண்டு மான் என்று எண்ணி ஒரு ரிஷியை அடித்தான். அந்தச் சாபத்திலிருந்து பாரதக் கதையே கிளை விட்டது. ஆனால் அம்புக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் இல்லாமல், வேட்டை நாட்களில் சாப்பிட்ட ஒரு தட்டுக் கறியால் மாண்டவர் என்று சரித்திரம் ஒரு சக்கரவர்த்தியைக் காட்டுகிறது. அவர் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ்.

1740-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். சக்கரவர்த்திக்கு 55 வயது பூர்த்தியாகிச் சில நாட்கள்தாம் ஆகியிருந்தன. ஹங்கேரி எல்லைப் பக்கம் பரிவாரத்தோடு வேட்டைக்குப் போயிருந்தார். மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட இலையுதிர் காலம். அந்த நாட்டுக் காடுகளில் காளான் முளைக்கிற காலமும் அதுவே. சமையற்காரர்கள் காளானைப் பக்குவம் செய்து வைத்தார்கள். சக்கரவர்த்தி அதை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு வயிற்று வலியும் வாந்தியும் கண்டன. வியன்னாவுக்குக் கொண்டு வந்தார்கள். அக்டோபர் 20-ஆம் தேதி உயிர் பிரிந்துவிட்டது.

அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரஸாவுக்கு வயது 23, அப்போது கர்ப்பிணி. மகளுக்கே பட்டம் சேரவேண்டும் என்று 1713-லேயே சாசனம் எழுதி, ஐரோப்பிய அரசர்களிடம் ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார் அந்தத் தகப்பனார். தகப்பன் இருக்கும் வரையில் செல்லுகிற கையெழுத்துக்கள், அவன் கண்ணை மூடிய மறுநாள் செல்லாமல் போவது குடும்ப வழக்குகளில் நாம் பார்க்கிறதுதானே? டிசம்பர் மாதத்திலேயே பிரஷ்யாவின் இளம் ராஜா இரண்டாம் பிரெடரிக் சைலீஷியாவுக்குள் படையை ஓட்டினான். 1748 வரையில் யுத்தம் நடந்தது. ஒரு தட்டுக் காளான் ஐரோப்பாவின் தலைவிதியை மாற்றிவிட்டது என்று பிறகு வால்டேர் எழுதி வைத்தார்.

அந்தத் தலைவிதி ஐரோப்பாவோடு நிற்கவில்லை. ஆஸ்திரியாவின் பக்கம் ஆங்கிலேயரும் எதிர்ப்பக்கம் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தார்கள். அந்தச் சண்டை கப்பலேறி நம்முடைய சோழமண்டலக் கரைக்கும் வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கும்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேஷம் போட்டுக்கொண்டு கடலூர்ப் பக்கத்துக் கோட்டைக்குத் தப்பி ஓடினான். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களின் வர்த்தமானங்களைத் தம்முடைய தினசரியில் எழுதிக்கொண்டிருந்தார். சமாதானம் ஏற்பட்டு 1749-லேதான் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. ஹங்கேரி எல்லைக் காட்டில் முளைத்த ஒரு காளானுக்கும் நம் கோட்டைக் கொடிமரத்துக்கும் இப்படி ஒரு பந்தம்!

காளான்தான் காரணமா என்று கேட்டால் வைத்தியர்கள் இன்றைக்கும் ஒரே வாக்காகப் பதில் சொல்லமாட்டார்கள். ஆனால் வடக்கத்திக் காடுகளில் ஒரு காளான் உண்டு. வெளிர்ப் பச்சைக் குடை, வெள்ளைத் தண்டு, தண்டின் அடியிலே கிழிந்த பை. பார்வைக்குச் சாது. ருசியிலும் குறை தெரியாது. சாப்பிட்ட ஆறு மணி நேரம் முதல் அரை நாள் வரையில், சில சமயம் அதற்கும் மேலே, ஒன்றும் செய்யாது. பிறகு வாந்தியும் பேதியும் ஆளை உருக்கும். அதன் பின்னே ஒரு நாள் தெளிவு காணும். பிழைத்துவிட்டோம் என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். அந்தத் தெளிவின் போதுதான் விஷம் ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த விஷம் போகாது. சக்கரவர்த்தி நாள் கணக்கில் கிடந்து இறந்த விதம் இந்தக் காளானோடு பொருந்துகிறது என்று சொல்பவர்கள் உண்டு.

இவ்வளவும் கேட்டபின் காளானைத் தொட யாருக்கு மனம் வரும்? ஆனாலும், குளிர் இறங்கத் தொடங்கும் ஒவ்வொரு வருஷமும், விடியுமுன் கூடையை எடுத்துக்கொண்டு காட்டை நோக்கிக் கிளம்புகிற ஜனங்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

*

மனிதர்களில் இரண்டு ஜாதி உண்டு, காளானுக்கு அஞ்சுகிறவர்கள், காளானை நேசிக்கிறவர்கள் என்று ஒரு தம்பதி கண்டுபிடித்தார்கள். கணவர் கார்டன் வாஸன், அமெரிக்கர். மனைவி வாலண்டீனா பாவ்லோவ்னா, மாஸ்கோவில் பிறந்த டாக்டர். 1927 ஆகஸ்டில், கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்து, நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கேட்ஸ்கில் மலைக்கு உல்லாசமாகப் போனார்கள். கைகோத்து நடந்துகொண்டிருந்த மனைவி, திடீரென்று கையை உதறிவிட்டுக் காட்டுக்குள் ஓடினாள். மரத்தடியில் காளான் கூட்டத்துக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் செல்லப் பெயர் சொல்லிக் கொஞ்ச ஆரம்பித்தாள். 'வேண்டாம், விஷம்!' என்று கணவர் கூவினார். அவள் சிரித்தாள், மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்று இரவு சமைத்துத் தான் ஒருத்தியாகவே சாப்பிட்டாள். மறுநாள் விழிக்கும்போது தாரமிழந்தவனாக விழிக்கப்போகிறோம் என்று புது மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே படுத்தாராம்.

அவள் சௌக்கியமாக எழுந்தாள். இருவரும் சாதாரண மனிதர்களாக இருந்தால் அந்தப் பேச்சு ஒரு குடும்பக் கேலியாக முடிந்திருக்கும். இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் ஆராய்ந்தார்கள். கணவர் பெரிய பாங்கி ஒன்றில் உயர்ந்த உத்தியோகம் பார்த்துக்கொண்டே செய்தார். ஆங்கிலேயன் ஏன் காளானைத் தேரை உட்காரும் முக்காலி என்று அருவருத்துப் பெயர் வைத்தான், ருஷ்யன் ஏன் ஒவ்வொன்றுக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பது போல வைத்தான் என்ற கேள்வியிலிருந்து பிறந்த அவர்கள் புத்தகம் 1957-ல் இரண்டு பாகமாக வெளிவந்தது. அடுத்த வருஷக் கடைசியில் வாலண்டீனா காலமானாள். பிற்காலத்தில் வாஸன் தம் ஆராய்ச்சியை நம் ரிக் வேதம் வரையிலும் கொண்டுவந்து, சோமம் என்பது சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு காளானே என்று 1968-ல் வாதாடினார். ஒப்பினவர் சிலர், மறுத்தவர் பலர். நமக்கு வேண்டியது அந்த வாதமல்ல. காட்டுக்குள் ஓடினாளே, அந்தப் பெண்ணின் ஓட்டம்.

அந்த ஓட்டத்தைக் கற்றுக்கொடுத்தது ருஷ்யக் காடு. கிறிஸ்தவக் கோயில் விதித்த விரத நாட்கள் அங்கே வருஷத்தில் ஏறக்குறைய 200. அந்த நாட்களில் மாமிசம் கூடாது, பால் வெண்ணெய் கூடாது. நீண்ட குளிர்காலத்தில் காய்கறியும் கிடையாது. ஏழைக் குடியானவனின் பானையில் மாமிசத்தின் இடத்தைக் காளான் பிடித்தது. நூலில் கோத்து அடுப்பருகே உலர்த்தினார்கள். ஓக் மரத் தொட்டியில் உப்பிட்டு, வாசனை இலைகளும் பூண்டும் சேர்த்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்தார்கள். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியின் ஸ்தானம் அந்தத் தொட்டிக்கு.

வெயிலும் மழையும் ஒன்றாக வந்தால் நாம் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்கிறோம். ருஷ்யர்கள் அதைக் 'காளான் மழை' என்பார்கள். நாலு நாளில் காடு நிறைந்துவிடும் என்று பாட்டிமார்கள் கூடைகளைத் தூசி தட்டுவார்கள். உலர்ந்த பின்னும் சதை வெள்ளையாகவே இருப்பதால் 'வெள்ளைக் காளான்' என்று ஒன்று, அதுதான் ராஜா. ஆஸ்பென் மரத்தடியில் செம்மண் நிறக் குடையோடு நிற்பது ஒன்று. வெட்டினால் நீலம் பாயும். ஆரஞ்சு நிறப் பால் கசிவது ஒன்று. பட்ட மரத்தின் அடிக்கட்டையிலே கூட்டம் கூட்டமாகக் குடியேறுவது ஒன்று. ஒவ்வொன்றையும் குழந்தை, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, தொட்டும் முகர்ந்தும் கற்றுக்கொள்ளும். புத்தகத்தைப் பார்த்துக் கற்றவன் சாகலாம். பாட்டியிடம் கற்றவன் சாகமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. நல்ல காளான் கிடைக்கும் இடத்தை மட்டும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சம்பந்தியிடம்கூடச் சொல்வதில்லை.

*

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் ருசி அல்ல, கண். நாற்பது கடந்தவுடன் வெள்ளெழுத்து வந்துவிட்டது. எழுதிய வரி எனக்கே தெரியவில்லை. கண் வைத்தியர் மூக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். கண்ணாடி தயாராகி வரும் வரையில் நான்கு நாட்கள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கண் போனால் என்ன மிஞ்சும் என்ற பயம் அந்த நான்கு நாட்களில் பிடித்துக்கொண்டது. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் ஸெர்கேய் அக்ஸாக்கோவ்.

அவர் 1791-ல் ஊஃபா என்ற ஊரில் பிறந்தார். ஓரன்பர்க் பிரதேசத்துப் புல்வெளிகளில் வளர்ந்தவர். துப்பாக்கி தோளிலேயே வாசம் செய்த காலம் உண்டு. வாத்து, உள்ளான், காட்டுக்கோழி எல்லாவற்றின் சிறகும் குரலும் அவருக்கு அத்துப்படி. ஐம்பது வயது வரையில் பெரிய எழுத்தாளர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. நாடகங்களைப் பற்றி எழுதினார், உத்தியோகம் பார்த்தார், விருந்தினர்களுக்குச் சோறு போட்டார். 1843-ல் மாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், வோர்யா என்ற சிற்றாற்றின் கரையில், அப்ராம்ட்ஸெவோ என்ற பண்ணையை வாங்கினார். அங்கே வந்த சில வருஷத்திற்குள் அவருடைய ஒரு கண் போயிற்று. மற்றதும் மங்கத் தொடங்கியது.

கண் மங்கிய பிறகே அந்த மனிதர் எழுத்தாளரானார் என்பதுதான் விசித்திரம். 1847-ல் மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம். 1852-ல் ஓரன்பர்க் துப்பாக்கி வேட்டைக்காரனின் குறிப்புகள். 'வேட்டைக்காரன் சித்திரங்கள்' எழுதிய துர்கேனிவே அதைக் கொண்டாடி மதிப்புரை எழுதினார். 1856-ல் 'குடும்ப வரலாறு'. அதை மகள் வேராவிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். வெளியே பார்க்க முடியாத பறவைகளை உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் கிழவர். வேட்டையாடிய நாட்களில் அவர் வீழ்த்திய பறவைகள், கண் போன நாட்களில் ஒவ்வொன்றாக உயிர் பெற்று எழுந்து பறந்தன என்று எனக்குத் தோன்றும்.

துப்பாக்கியால் இனிக் குறி பார்க்க முடியாது. தூண்டில் போடலாம், மிதப்பு அசைவது தெரிந்தால் போதும். அதுவும் சிரமமானால் கூடையை எடுத்துக்கொண்டு மெல்ல நடக்கலாம். துப்பாக்கி, தூண்டில், கூடை என்று படிப்படியாக இறங்கிவந்தார் அவர். 1856-லேயே காளான் பொறுக்குவதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுடைய பலவகை வேட்டைகளில் இது ஒரு பணிவான வேட்டை என்று அதில் பெயர் சூட்டினார். உயிருள்ள பிராணியைத் துரத்தும் வேட்டைக்கு இது ஈடாகாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் கிடைக்குமா கிடைக்காதா என்ற நிச்சயமின்மை உண்டு. எதிர்பாராத இடத்தில் அகப்படும் ஆனந்தம் உண்டு. அதிர்ஷ்டம் உண்டு, ஏமாற்றம் உண்டு. ஆகையால் இதுவும் வேட்டையே என்பது அவர் கட்சி.

ருஷ்ய பாஷையில் 'அஹோத்தா' என்று ஒரு சொல். வேட்டை என்றும் பொருள், ஆசை என்றும் பொருள். நமக்கு இது அதிசயமாக இருக்க நியாயம் இல்லை. 'வேட்டம்' என்ற நம் பழைய சொல்லுக்கும் அந்த இரண்டு பொருளும் உண்டு. வேட்டையும் வேட்கையும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. கொல்வது வேட்டையில் ஒரு பகுதிதான்; விரும்பித் தேடுவதே அதன் உயிர் என்பதை இரண்டு பாஷைகளும் கண்டுகொண்டன போலும். அக்ஸாக்கோவுக்குக் கொல்லும் சக்தி போய்விட்டது. தேடும் ஆசை போகவில்லை.

*

அந்த வீட்டுக்கு வந்துபோன விருந்தினர்களில் ஒருவர் நிக்கோலாய் கோகோல். இருவருக்கும் 1832-லிருந்து பழக்கம். கோகோல் மகா மேதை. சிநேகத்துக்கு மிகக் கடினமான ஆள். கடன் கேட்பார், கோபித்துக்கொள்வார், சொல்லாமல் ஊரை விட்டுப் போவார். அக்ஸாக்கோவ் குடும்பம் அவரைத் தாங்கியது. 1842-ல் 'இறந்த ஆத்மாக்கள்' முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகத்துக்கு நாடே காத்திருந்தது. அதற்குப் பதிலாக 1847-ல் கோகோல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து உபதேசத் திரட்டு ஒன்றை வெளியிட்டார். ஜார் ஆட்சியையும் பண்ணை அடிமை முறையையும் தெய்வ சம்மதமாக்கிப் பேசும் புத்தகம் அது. நேசித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அக்ஸாக்கோவும் மனம் பொறுக்காமல் மிகக் கடுமையாக ஒரு கடிதம் எழுதிவிட்டார். கோகோலுக்கு அது நெஞ்சில் தைத்தது. இரண்டு பேரும் தத்தம் நியாயத்தை எழுதிக்கொண்டார்கள். எழுத எழுத விரிசல் தெரிந்துகொண்டே போயிற்று.

1848-ல் கோகோல் அந்நிய தேசங்களிலிருந்து ஊர் திரும்பினார். மறு வருஷம் ஆகஸ்டில், காட்டில் காளான் எழும் சமயத்தில், அப்ராம்ட்ஸெவோவுக்கு வந்து சேர்ந்தார். பழைய சண்டையைப் பற்றிப் பேசினால் புண் திறக்கும். பேசாமலிருந்தால் சபை கனக்கும். அந்த நாட்களைப் பற்றி அந்த வீட்டில் சொல்லப்பட்டு வந்த ஒரு சம்பவம் உண்டு. கிழவருக்குக் காளானில் இருந்த மோகத்தைக் கோகோல் கவனித்தாராம். முன்னதாகக் காட்டுக்குள் போய்த் தாமே காளான்களைத் தேடிப் பறித்து, அக்ஸாக்கோவ் உலாவிவிட்டு வீடு திரும்பும் பாதையிலே ஒருவரும் அறியாமல் வைத்துவிடுவாராம். கண் தெரியாத வேட்டைக்காரர் மெல்ல நடந்து வருவார். காலடியிலேயே காளான்! இன்றைக்கு யோகம் என்று கூடையில் போட்டுக்கொண்டு வருவார்.

கிழவருக்கு இந்தத் தந்திரம் தெரியாமலா இருந்திருக்கும்? எந்தக் காளான் எந்த மரத்தடியில் நிற்கும் என்று அறிந்தவர். வேர் பற்றாத காளான் நடைபாதை நடுவே நின்றால் கைக்குத் தெரிந்துபோகும். தெரிந்துகொண்டேதான் அவர் ஆச்சரியப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். கதை எழுதுகிறவனுடைய ஊகம் என்று நீங்கள் இதைத் தள்ளலாம். ஆனால் இரண்டு வருஷமாக எழுத்தால் ஆற முடியாமலிருந்த புண்ணுக்கு அவர்கள் இருவரும் வேறு என்ன மருந்து போட்டிருக்க முடியும்? ஒருவர் மன்னிப்புக் கேட்கவில்லை, மற்றவர் மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. ஒருவர் வைத்தார், மற்றவர் எடுத்துக்கொண்டார்.

அதே ஆகஸ்டில் ஒரு நாள் மாலை. வீட்டார் கூடியிருந்தார்கள். 'இறந்த ஆத்மாக்களிலிருந்து ஓர் அத்தியாயம் படிக்கட்டுமா?' என்று கோகோல் கேட்டார். அச்சான முதல் பாகத்தைச் சொல்கிறார் என்று எண்ணி, மகன் கான்ஸ்டன்டீன் மாடியிலிருந்து புத்தகம் கொண்டுவர எழுந்தான். கோகோல் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். இரண்டாம் பாகம்! கிழவருக்கு ஆனந்தம் வரவில்லை, பயம் வந்தது. இந்த மனிதருடைய மேதை செத்துவிட்டது என்று அவர் உள்ளூர நம்பியிருந்தார். அது இப்போது கண்முன்னே நிரூபணமாகிவிடுமே என்ற பயம். படிக்கப் படிக்க அந்தப் பயம் கரைந்தது. பழைய கோகோல் உயிரோடுதான் இருந்தார். தாம் சந்தேகித்ததற்காகக் கிழவர் உள்ளுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. 1852 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஓர் இரவு கோகோல் அந்த இரண்டாம் பாகத்தைக் கணப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார். அன்ன ஆகாரத்தை வெறுத்துப் படுத்தார். பத்து நாட்களுக்குள் இறந்தும் போனார். அவருக்கு 43 வயதுகூட நிறையவில்லை. முன்னே எழுதி ஒதுக்கியிருந்த பிரதிகளில் சில அத்தியாயங்கள் தப்பின. அவற்றையே இன்று உலகம் படிக்கிறது. அக்ஸாக்கோவ் இன்னும் ஏழு வருஷம் இருந்து 1859-ல் காலமானார். கோகோலோடு தமக்கிருந்த சிநேகத்தின் கதையையும் எழுதத் தொடங்கினார், அது பூர்த்தியாகவில்லை.

*

காளான் பேச்சு உறவைச் சேர்க்கும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. டால்ஸ்டாய் 'அன்னா கரேனினா'வில் ஒரு காட்சி வைத்திருக்கிறார். நடுத்தர வயதுப் பண்டிதர் ஒருவர், நல்ல பெண் ஒருத்தி. இருவரும் குழந்தைகளோடு காளான் பொறுக்கக் காட்டுக்குப் போகிறார்கள். இன்று கேட்டுவிடுவது என்று அவர் வாக்கியங்களைக் கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். அவளும் அறிவாள். அந்தக் கணத்தில், தான் நினையாமலே, அவள் காளானைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். அவரும் இந்தக் காளானுக்கும் அந்தக் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். தண்டிலே வித்தியாசம் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், கல்யாணம் தப்பிப்போயிற்று. சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமல் காளானை வைத்ததால் ஒரு சிநேகம் பிழைத்தது. சொல்லவேண்டிய சொல்லுக்குக் குறுக்கே காளான் வந்ததால் ஒரு காதல் அவிந்தது. மனித மனம் எந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறது!

அக்ஸாக்கோவ் தம் கட்டுரையில், குறிப்பிட்ட காளான் குறிப்பிட்ட மரத்தையே அண்டி நிற்பதை வேட்டைக்காரனின் அனுபவத்தால் குறித்துவைத்தார். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1885-ல், ஆல்பர்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதன் உட்பொருளை விளக்கினார். நிலத்துக்கு மேலே நாம் காண்பது வெறும் கனி. உடம்பு நூல்நூலாக மண்ணுக்குள்ளே ஓடுகிறது. மரத்தின் வேர் நுனிகளைத் துணி சுற்றினாற்போலப் போர்த்திக்கொள்கிறது. மண்ணிலிருந்து நீரையும் உப்புச் சத்துக்களையும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் வெயிலில் காய்ச்சிய சர்க்கரையை அதற்குக் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கொடுக்கல் வாங்கல். கோகோல் பாதையில் வைத்தார் என்றால், காடு அந்தக் காரியத்தை யுகக்கணக்காக வேருக்குள் செய்துகொண்டிருக்கிறது.

கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும் அந்த நூலுடம்பு, மனிதன் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டது. 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபில் அணு உலை வெடித்தது. மழையோடு இறங்கிய ஸீஸியம் உக்ரேன், பெலாரஸ், ருஷ்யக் காடுகளில் மட்டுமல்லாமல் ஸ்வீடனிலும் ஜெர்மனியின் பவேரியாவிலும் மண்ணில் படிந்தது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும். வயலில் உழுது புரட்டினால் அது ஆழத்தில் போய்விடும்; காட்டை யார் உழுவது? காளான் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பவேரியக் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி, உள்ளே புதைந்திருக்கும் ஒருவகைக் காளானைத் தின்கிறது. ஆகவே அங்கே இலையுதிர் காலத்தில் பன்றி அடிக்கும் வேட்டைக்காரன், அடித்ததை அளவு பார்க்கக் கொண்டுபோக வேண்டும். கிலோவுக்கு 600 பெக்கரல் தாண்டினால் விற்க முடியாது. வருஷங்கள் பல கடந்தும் அந்தக் கணக்கு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள், செர்னோபில் மட்டும் காரணமல்ல, முந்தைய காலத்து அணுகுண்டுச் சோதனைகளின் தூசியும் அந்தப் பன்றிகளுக்குள் இருக்கிறது என்று 2023-ல் வெளியிட்டார்கள்.

சக்கரவர்த்தியைக் கொன்ற காளானைப் பாட்டியின் கண் கண்டுபிடித்துவிடும். குடையைப் பார்ப்பாள், அடியிலே பையைத் தடவுவாள், தூக்கி எறிவாள். இந்தப் புது விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, பை இல்லை. ராஜாவாகிய வெள்ளைக் காளானே அதைச் சுமந்து நிற்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அந்த ஞானம், அப்படிப்பட்ட காடுகளில், இயந்திரத்தைக் கேட்டுத்தான் கூடையை நிரப்பவேண்டும் என்றாயிற்று. அந்த விஷயத்தில் நாம் எல்லோருமே அக்ஸாக்கோவைப் போலக் கண் மங்கியவர்கள். ஒரு வித்தியாசம்: அவருக்கு முன்னால் நடந்த மனிதர் பாதையில் நல்லதை வைத்துவிட்டுப் போனார். நமக்கு முன்னால் நடந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது வேறு.

அப்ராம்ட்ஸெவோ பண்ணையை 1870-ல் மாமொண்டோவ் என்ற ரயில்வே முதலாளி வாங்கினார். அவர் காலத்தில் ரேப்பின், வாஸ்நெத்ஸோவ் போன்ற சித்திரக்காரர்கள் அங்கே கூடினார்கள். இப்போது அது கண்காட்சி வீடு. அந்தப் பாதைகளும் மரங்களும் பார்க்கக் கிடைக்கின்றன என்கிறார்கள்.

என் மூக்குக் கண்ணாடி ஐந்தாம் நாள் வந்துவிட்டது. எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் சில நாட்களில் ஒரு வரி, நான் தேடாமலே, காகிதத்தின் நடுவே அகப்பட்டுவிடுகிறது. நானாகவா கண்டுபிடித்தேன் என்று சந்தேகமாக இருக்கும். எனக்கு முன்னே அந்தப் பாதையில் போன யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் குனிந்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறேன்.